நடந்து வருகிறவர்கள்

புது வீட்டுச் சமையலறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நிலையின் அகலத்தைக் கடைசியாக ஒரு தடவை அளந்து பார்த்தான் டேப்பு. ஃபிரிட்ஜ் உள்ளே போகாது, ஹாலில்தான் நிற்கவேண்டும். அது அவனுக்குப் பத்திரம் எழுதுவதற்கு முன்பே தெரியும். இருந்தாலும் சாவி கைக்கு வந்த பிறகு சொந்த வீட்டை அளப்பது வேறு. அதில் ஒரு சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தான். வரவில்லை. சரி, சாமான் வந்து இறங்கினால் வரும் என்று எழுந்துகொண்டான்.

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சாமான் தூக்கும் ஆட்களுக்கு அவன்தான் மேஸ்திரி. இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்கியதால் ஆட்கள் வைத்த பெயர்தான் டேப்பு. வீடு வாங்க அலைந்தபோது, "இன்னும் ஒரு ரூம் கூடவே பாக்கலாமே சார், லோன் நாங்க தர்றோம்" என்று வங்கி அதிகாரி ஆசை காட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் சார் என்று கூப்பிட்டும் அவன் மசியவில்லை. சக்திக்கு மீறி வாங்கியவர்களின் வீடுகளைக் காலி செய்வதும் அவன் தொழில்தானே. பளபளவென்று ஏற்றிய சோபாவை அவனே திரும்ப இறக்கியிருக்கிறான். அந்த வீடுகளில் சாமான் கட்டும்போது யாரும் வாய் திறக்கமாட்டார்கள். யாராவது ஒருவர் குடிக்கத் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து தருவார். அந்தத் தண்ணீரை அவனால் நின்று குடிக்க முடிந்ததில்லை.

ஆகவே, கைக்கு அடக்கமாக இரண்டே அறை. ஒன்று அவனுக்கும் மனைவிக்கும். இன்னொன்றில் பீரோவை நடுவே தடுப்பாக நிறுத்தி இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் மகள். கட்டிலைச் சாய்த்துத் திருப்பினால் ஒரு கீறல் விழாமல் நுழைந்துவிடும். எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

"மூளைக்காரர்தான்" என்றாள் மனைவி. நிஜமாகவே மெச்சித்தான் சொன்னாள்.

அம்மா ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாடகை வீட்டில் சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறை அவளுடையது. இங்கே சமையலறைக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. அதைக் கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"நான் எங்கடா படுக்கிறது?"

சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்பதுபோல்தான் கேட்டாள். குத்தல் ஏதும் இல்லை. டேப்பு இரண்டு அறைகளையும் திரும்பிப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள்.

"நீங்கதானே எல்லாத்தையும் அளந்தீங்க?"

எல்லாவற்றையும்தான் அளந்தான். அம்மாவின் தையல் மெஷினைக்கூட அளந்து ஜன்னலோரம் இடம் ஒதுக்கியிருந்தான். ஆனால் அவர்கள் தொழிலில், தூக்கிக்கொண்டு போகவேண்டியதைத்தான் அளப்பார்கள். நடந்து வருகிறவர்களை அளப்பதில்லை. மனிதர்கள் தாமாக வந்து எங்காவது உட்கார்ந்துகொள்வார்கள். இத்தனை மாதம் அம்மா அவன் கூடவேதான் இருந்தாள், சோறு போட்டாள், அவன் கணக்கில் மட்டும் வரவே இல்லை. வெட்கம் வரும், அழுகை வரும் என்று காத்திருந்தான். கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருந்தது.

"பெரிய வீட்டையே பாத்திருக்கலாமோ?" என்றாள் மனைவி மெதுவாக.

"பாத்திருந்தா தவணை கட்டியிருக்க முடியாது."

இரண்டும் உண்மை.

"இதுக்கு ஏன் ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் அம்மா. "இல்லன்னா சின்னவன் வீட்டுக்குப் போயிடறேன். அவன் வேணாம்னா சொல்லப்போறான்?"

தம்பி சொல்லமாட்டான். போன தடவை அங்கே தங்கப் போயிருந்தபோதும் அவன் எதுவும் சொல்லவில்லை, அம்மாதான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஏன் என்று இவர்களும் கேட்கவில்லை.

"அங்கெல்லாம் போக வேணாம் அத்தை. ஹால்ல படுத்துக்கலாம்" என்றாள் மனைவி.

ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் நிற்கும் இடத்தையும், அறைகளுக்கு நடமாடும் வழியையும் விட்டால், ஹாலில் மிஞ்சியது வாசல் கதவையொட்டிய மூலை மட்டும்தான். அம்மா அங்கே போய், வெறும் தரையில் சுவரோரமாகப் படுத்துக்கொண்டாள்.

"வெளிய போய்க் கதவத் திறந்து பாருடா."

அவன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான். மெல்லத் தள்ளினான். பாதி திறந்ததும் மெத்தென்று எதிலோ பட்டு நின்றது. ஆயிரம் சாமான் இடித்துப் பழகிய கைக்கு, இடித்தது மரமா, சுவரா, பாதமா என்று தெரியாதா?

உள்ளே அம்மா நகரும் சத்தம் கேட்டது.

"இப்பத் திற."

திறந்தான். கதவு அவள் கால்விரல்களை ஒரு நூல் இடைவெளியில் தாண்டிப் போய்ச் சுவரைத் தொட்டது. முழங்காலை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள் அம்மா. கண்ணை மூடியிருந்தாள்.

"பாத்தியா, இடிக்கல" என்றாள்.

டேப்பு கைப்பிடியை விடாமல், உள்ளே வராமல், வாசலிலேயே நின்றிருந்தான். அம்மா காலை நீட்டவில்லை.