நடுவில் நிற்கும் நேரடி விமானம்

அப்பா விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். தங்க அட்டை வாங்கப் போகிறவர் கசங்கிய சட்டையில் போனால் அட்டைக்கு அவமானம் என்பது அவர் கருத்து.

அம்மா உட்காரவில்லை. சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். நான்கு மாதம் முன்பு அவளுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, அதைத் தாண்டினால் படுத்தாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு இன்னும் மூன்று வாரத்தில் முதல் பிரசவம். அவள் இருப்பது கடல் தாண்டி. அங்கே போக ஒரே ஒரு விமானம்தான். மூன்று மணி நேரம் பறந்து, ஒரு ஊரில் இறங்கி, ஒரு மணி நேரம் நின்று, மறுபடி எட்டு மணி நேரம் பறக்கும். நிற்கும்போது யாரையும் கீழே விடமாட்டார்கள். இதற்குப் பெயர் நேரடி விமானம்.

தங்க அட்டை கிடைத்தால் குடும்பத்தில் ஒருவர் முன்பக்கம், கட்டிலாக நீளும் இருக்கையில், கடைசிவரை படுத்துக்கொண்டே போகலாம். ஆண்டுக்கு ஐம்பது பயணம் முடித்தவர்களுக்கு அந்த அட்டை. அப்பா ஐம்பத்திரண்டு முடித்திருந்தார்.

அதாவது, அவர் கணக்கில்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நான்கு வாரத்துக்கு ஒரு முறை வேறொரு ஊருக்குப் பறந்துபோய் நாற்பது மாடி ஓட்டல் ஒன்றின் லிஃப்டுகளுக்கு பிரேக் பார்த்துவிட்டு வருவார். அந்த ஊருக்குப் போகும் விமானமும் நடுவில் ஒரு இடத்தில் நிற்கும். போக ஒன்று, வர ஒன்று, பதின்மூன்று முறை. இருபத்தாறு டிக்கெட். ஆனால் லிஃப்ட்காரர்கள் அப்படி எண்ணுவதில்லை. தரைத்தளத்தில் ஏறி பத்தாவது மாடிக்குப் போகிற லிஃப்ட் நடுவில் ஐந்தாவது மாடியில் நின்றால், அது இரண்டு ஓட்டம். பிரேக் இரண்டு முறை தேய்கிறது, மோட்டார் இரண்டு முறை இழுக்கிறது. முப்பது வருடமாக இப்படி எண்ணிய மனிதர் விமானத்தையும் அப்படியே எண்ணினார். செல்போனில் நிறுவனத்தின் ஆப் வேறொரு எண்ணைக் காட்டியபோது, "அவனுங்க மெதுவாத்தான் ஏத்துவானுங்க" என்று சொல்லி ஆப்பை மன்னித்துவிட்டார்.

கவுன்டரில் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பெண் இருந்தாள். அப்பா தன் கணக்கு எண்ணையும் அம்மா போக வேண்டிய ஊரையும் சொன்னதும் திரையைப் பார்த்தாள். புன்னகைத்தாள். பிறகு நடந்ததெல்லாம் அந்தப் புன்னகை மாறாமலே நடந்தது.

"இருபத்தாறு பயணம் சார். உங்களுக்கு வெள்ளி அட்டை. வாழ்த்துகள்."

"அம்பத்திரண்டும்மா."

"இருபத்தாறு சார்."

"நடுவுல நிக்குதுல்ல? இறங்குது, மறுபடி ஏறுது. எனக்கு காது ரெண்டு தடவை அடைக்குது. பெல்ட்டை ரெண்டு தடவை போடச் சொல்றீங்க. அந்த மஞ்சள் சட்டையைக் கையில வச்சுக்கிட்டு எப்படி ஊதறதுன்னு ரெண்டு தடவை காட்றீங்க!"

"ஒரே விமான எண் சார். அதனால ஒரே பயணம். நடுவுல எத்தனை தடவை நின்னாலும் ஒண்ணுதான்."

"மைலாவது சரியா போட்டீங்களா?"

"ஏறின ஊர்லேர்ந்து இறங்கின ஊருக்கு நேர்கோட்டுத் தூரம் சார்."

"நான் நேர்கோட்டுலயா போனேன்? தலையைச் சுத்தி மூக்கைத் தொடற மாதிரி வடக்க கூட்டிட்டுப் போய் கிழக்க விட்டீங்க!"

பின்னால் வரிசையில் நின்ற வழுக்கைத் தலைக்காரர், "எனக்கும் அப்படித்தான் சார் நாமம் போட்டாங்க, விடாதீங்க" என்றார். அப்பாவுக்கு ஆள் பலம் வந்துவிட்டது. மேசையைத் தட்டினார். பேனா ஸ்டாண்டு குதித்தது. அந்தப் பெண் அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"வெள்ளி அட்டைக்கும் ஒரு கூப்பன் உண்டு சார். வீட்டுல யாருக்கு வேணா குடுக்கலாம். மேடத்துக்கு முன்பக்க இருக்கை போட்டுடட்டுமா?"

அப்பா தணிந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தியாடா, கத்தினால்தான் நடக்கும் என்று பார்வை.

"முதல் மூணு மணி நேரம் மேடம் படுத்துக்கலாம்" என்றாள் அவள். "நடுவுல நின்னதும் பின்னாடி சாதா சீட்டுக்கு மாறிக்கணும். ஒரு கூப்பன் ஒரு பயணத்துக்குத்தான்."

"அதான் ஒரே பயணம்னு இப்பத்தானேம்மா சொன்னே?"

"மைலுக்கு ஒண்ணு சார். சீட்டுக்கு ரெண்டு."

வழுக்கைத் தலைக்காரர்கூட விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு குடும்பம் மேகத்தின் மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் எந்த அட்டை என்று தெரியவில்லை.

"சரி, அந்தக் கூப்பனை ரெண்டாவது பாதிக்காவது போடு" என்றார் அப்பா. "எட்டு மணி நேரம் அவளால உக்கார முடியாதும்மா. மறுபடி முதுகு போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"ஏறின இடத்துலேர்ந்துதான் கூப்பன் செல்லும் சார். மேடம் நடுவுல ஏறலையே."

அப்பா கத்திய கத்தலில் உள்ளறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஏமாற்று, கொள்ளை, வெட்கமில்லை, இன்னும் சில. பாவம், அந்தப் பெண்ணுக்கு உதவ வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதுதான் வினை.

"சார், நீங்க மாசாமாசம் போற ஊருக்கு நடுவுல நிக்காத விமானமும் எங்ககிட்ட இருக்கு. டிக்கெட் விலையும் அதேதான். நீங்க திரும்பி வர்ற வியாழக்கிழமை அதுல கிளம்பினா, ராத்திரி ஆகாம மத்தியானம் ஒன்றரைக்கே இங்க இறங்கிடலாம். அதுக்கும் ஒரு பயணம்தான் கணக்கு. இனிமே வீணா அலையாதீங்க."

அம்மா சுவரை விட்டு நகர்ந்து கவுன்டருக்கு வந்தாள்.

"எத்தனை மணிக்கு?"

"ஒன்றரைக்கு மேடம்."

"எத்தனை நாளா அந்த விமானம் ஓடுது?"

"மூணு வருஷமா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா படத்திலிருந்த குடும்பத்தைப் பார்த்தார்.

"அது ஒண்ணுதான் விமானம்னு சொன்னீங்க."

"இந்தா, வீட்ல போய்ப் பேசலாம்."

"இங்கயே பேசலாம். இங்கதான் நேரம் சரியா சொல்றாங்க." அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "என் முதுகு போன அன்னிக்கும் வியாழக்கிழமைதான். வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி குழாய் வெடிச்சு கூடம் வரைக்கும் தண்ணி. இவனுக்குப் பரீட்சை. மூணு மணிக்கு உங்களுக்குப் போன் அடிச்சேன், எடுக்கல. நானே மெஷினைத் தள்ளினேன். முதுகுல படார்னு ஒரு சத்தம். அந்த ஈரத்துலயே ரெண்டு மணி நேரம் கிடந்தேன். நீங்க எங்க இருந்தீங்க?"

அப்பா எங்கே இருந்தார் என்று எனக்கும் அம்மாவுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. ஏதோ ஒரு ஊரில், நடுவில் நின்ற விமானத்தில், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஐம்பதில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு இருந்தார்.

"உனக்காகத்தானே அட்டை சேர்த்தேன்" என்றார் கடைசியில். "நீ படுத்துக்கிட்டுப் போகணும்னுதானே?"

"அட்டைக்கு நீங்க ஆரம்பிச்சது போன வருஷம். என் முதுகு போனது அஞ்சு மாசம் முன்னாடி. வருஷ ஆரம்பத்துலயே முதுகு உடையும்னு ஜோசியம் பாத்தீங்களா?"

வழுக்கைத் தலைக்காரர் சிரித்துவிட்டார். அம்மா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அந்த அட்டையோட, பெட்டியில தொங்கவிடத் தங்க நிறத்துல ஒரு பட்டை தருவாங்க. உங்க ஓட்டல் மேனேஜர் பெட்டியில அதைப் பாத்துட்டு வந்து ஒரு வாரம் புலம்பினீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

அப்பாவின் சட்டையில் இஸ்திரி மட்டும் இன்னும் கலையாமல் இருந்தது.

அம்மா அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "நான் நடுவுல உண்மையாவே இறங்கிட்டா? ஒரு ரூம்ல ஒரு ராத்திரி படுத்துட்டு மறுநாள் ஏறினா?"

அவள் விசைகளைத் தட்டினாள். "தனித்தனி டிக்கெட்டா எடுத்தா ரெண்டு பயணம் மேடம். அப்ப ரெண்டாவதுக்குக் கூப்பன் செல்லும். எட்டு மணி நேரமும் படுத்துக்கலாம்."

"முதல் மூணு மணி நேரம் உக்காந்துக்குவேன். டாக்டர் அதுக்கு விட்டிருக்கார். அப்படியே போடுங்க."

"ரெண்டு பேருக்கும் அப்படியே போடும்மா" என்று அப்பா பர்ஸை எடுத்தார்.

"எனக்கும் பையனுக்கும்" என்றாள் அம்மா. "அவன் பெட்டி தூக்கட்டும். காலேஜ்ல பெருசா ஒண்ணும் கிழிக்கல."

நான் மறுக்கவில்லை. உண்மையைப் பொது இடத்தில் மறுப்பது மரியாதையில்லை.

"அப்ப நான்?"

"குழந்தை பிறந்தப்புறம் வாங்க. உங்களுக்குப் பிடிச்ச விமானத்துலயே வாங்க."

"பேத்தியோ பேரனோ பிறக்கும்போது நான் இருக்க வேணாமாடி?" கவுன்டரில் தட்டிய அதே கை இப்போது பர்ஸைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றது. கோபம் இன்னும் இருந்தது. போகத்தான் இடமில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, "எல்லாம் உங்களாலதான்" என்றார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா தன் பாஸ்போர்ட்டை நீட்டினாள். பெண் பெயரை ஏற்றினாள், பிறந்த தேதியை ஏற்றினாள், முதுகைப் பற்றி ஒரு குறிப்பை ஏற்றினாள்.

"அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் வேணும் மேடம். கூட வர்றவங்களோடது வேண்டாம், வேற யாராவது."

அப்பா தன் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார். ஒன்பது, எட்டு, நாலு. அந்தப் பெண்ணின் விரல் அசையவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். அப்பா ஆறாவது எண்ணோடு நிறுத்தினார்.

அம்மா அக்காவின் எண்ணை நிதானமாகச் சொன்னாள்.

"உங்க பொண்ணா மேடம்? அவங்களுக்குத்தானே பிரசவம்?"

"ஆமா. வலி எடுத்தாலும் அவ போனை எடுப்பா."