பட்டை மணந்த ஞாயிறு

இளவேனில் அந்த மாவில் முட்டை சேர்க்கவில்லை. அலுவலகத் தோழி மமதா எழுதிக் கொடுத்த பான்கேக் செய்முறையில் இரண்டு முட்டை என்றிருந்தது. அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத் தயிரும் சோடா உப்பும் கலந்தாள்.

பதினொரு மாதங்களுக்கு முன், வேலைக்கு வந்த கன்னட நகரத்தின் ஜோகுபாளையத்தில் இந்த மாடி வீட்டைப் பிடித்தபோது வீட்டுக்காரர் ஆதிகேசவன் போட்ட நிபந்தனை ஒன்றே: கறி, மீன், முட்டை எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. அவளும் கணவன் ஹரிஷும் வாலாஜாபேட்டைக்காரர்கள். ஞாயிறென்றால் கறிக்குழம்பு என்று வளர்ந்தவர்கள். ஆயினும், சமையலறை ஜன்னலைத் தொட்டு நின்ற மாமரத்துக்காகவே அவள் ஒத்துக்கொண்டாள். கொடுத்த வார்த்தையை ஒருநாளும் மீறவில்லை. ஆசை வந்தால் வெளியே சாப்பிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே படியேறுவார்கள். இன்று வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாள். ஆதிகேசவன் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

வாரம் முழுதும் ஷிப்டு பார்த்தவள் பத்து மணிக்குத்தான் எழுந்தாள். காலையும் மதியமுமாக ஒரே சாப்பாடு. பட்டையை வறுத்து மிக்ஸியில் பொடித்து, மைதாவிலும் சர்க்கரையிலும் கலந்து, வெண்ணெய் உருகிய கல்லில் ஒரு கரண்டி ஊற்றினாள். குமிழிகள் வெடித்துச் சின்னச் சின்னக் கண்களாகத் திறந்தன.

"ஊத்தப்பத்துக்குச் சக்கர வியாதி வந்த மாதிரி இருக்கு," என்றான் ஹரிஷ், முதல் பான்கேக்கைப் பிய்த்து வாயில் போட்டபடி.

கதவு தட்டப்பட்டது. கையில் பத்திரத்தோடு ஆதிகேசவன்.

"இன்னாம்மா, பட்ட வாசன கீழ ஹால் வரைக்கும் தூக்குது. ஞாயித்துக்கெழம வேற. உள்ள கறிதானே?"

அவர் வீட்டில் பட்டை வாங்கும் வழக்கமே இல்லை; கறி மசாலாவில் போடுவது என்று மட்டுமே கேள்விப்பட்டிருந்தார். வாசனையிலிருந்து கறிக்கு அவர் ஒரே தாவலில் போய்விட்டார். அந்த வாசனைக்கு வேறொரு காரணம் இருக்கக்கூடும் என்ற ஐயம் அவரைத் தொடவேயில்லை.

"இல்ல சார். பதினோரு மாசமா சமைச்சதில்ல, இன்னிக்கும் சமைக்கல."

"அப்போ தள்ளு. அடுப்ப நான் பாக்கணும்."

அந்தத் 'தள்ளு'தான் அவளை வாசலில் நிறுத்தியது.

ஹரிஷ் காதோரம் கிசுகிசுத்தான். "இளா, தட்டக் கொண்டாந்து காட்டிடறேன். ஒரு நிமிஷ வேல."

"காட்டாத. இன்னிக்குக் காட்டினா ஒவ்வொரு ஞாயிறும் மூடியத் திறந்து காட்டணும்." பிறகு அவரைப் பார்த்து, "நான் சொன்னத நம்பினா உள்ள வந்து உக்காருங்க சார், காப்பி போடறேன். அடுப்பப் பாக்கறதுக்குன்னா வர வேணாம்," என்றாள்.

"ஒளிக்க ஒண்ணும் இல்லன்னா காட்டறதுல இன்னா நஷ்டம்?"

"ஒளிக்க ஒண்ணும் இல்ல. அதனாலதான் காட்டமாட்டேன்."

"பேடாம்மா, வேணாம். இந்த வாயெல்லாம் எங்கிட்ட பேடா. அடுப்பக் காட்டினா கையெழுத்து. இல்லன்னா மாசக் கடைசில காலி பண்ணு."

மாமரத்தின் கிளையொன்று ஜன்னல் கம்பியில் உரசியது. இளவேனில் அதைத் திரும்பிப் பார்த்தாள், ஒருமுறைதான்.

"காலி பண்றோம்."

பத்திரத்தை நான்காக மடித்துக்கொண்டு அவர் இறங்கினார். "கறியும் தின்னுட்டுத் திமிரப் பாரு" என்பது படிக்கட்டிலிருந்து தெளிவாகக் கேட்டது.

கல்லில் கிடந்தது கருகியிருந்தது. அவள் அதைச் சுரண்டி எறிந்தாள்.

"ஒரு தட்டு, இளா. ஒரே ஒரு தட்டக் காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். வீடு போச்சு."

"வீடுதானே போச்சு."

பாத்திரத்தில் பாதி மாவு மீதமிருந்தது. மமதாவின் தாளில் தான் அடித்த வரியைச் சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முனைக்கடையில ரெண்டு முட்ட வாங்கிட்டு வா."

"மாசக் கடைசிக்கு இன்னும் இருபது நாள் இருக்கு!"

"நான் குடுத்த வார்த்தைய அவரே நம்பல. அப்புறம் அத நான் எதுக்குச் சுமக்கணும்?"

ஹரிஷ் அவளை முறைக்கப் பார்த்தான், முடியாமல் சிரித்துவிட்டான். செருப்பை மாட்டிக்கொண்டே, "பைக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வரவா?" என்றான்.

"கையில எடுத்துட்டு வா. எல்லாரும் பாக்கற மாதிரி."

அவன் இறங்கியதும் இளவேனில் ஜன்னல் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்துவைத்தாள். மாவில் இன்னும் ஒரு கரண்டி பட்டைப்பொடியை அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.