மார்ச் மாத பார்டர்

நெய்வேலி மெயின் பஜாரில் என் மாமா சிங்காரவேல் நடத்தும் ஜெராக்ஸ் கடை போர்டில் ‘அனைத்து ஆபீஸ் வேலைகளும் செய்து தரப்படும்’ என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு ஒருவர் உள்ளே வந்து, வேலை பெர்மனென்டா கான்ட்ராக்டா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த நான் சாயங்காலங்களில் அந்தக் கடையில் உட்காருவேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயாரிப்பதற்காக கல்லூரியில் லேடெக் என்ற சாஃப்ட்வேரைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ப்ராஜெக்ட்டைச் சொல்லிக்கொடுக்கவில்லை. லேடெக்கில் வேலை செய்யும்போது பக்கம் கண்ணுக்குத் தெரியாது. எது எங்கே வர வேண்டும் என்று கட்டளையாக எழுதிவிட வேண்டும். கடைசியில் அச்சடித்த புத்தகம் மாதிரி பக்கம் வரும். தப்பாக எழுதினால் எந்த வரியில் தப்பு என்று சொல்லும். பெரும்பாலும் வேறு வரியைச் சொல்லும்.

அதை வைத்து இரண்டு பேருக்கு வேலை செய்துகொண்டிருந்தேன்.

ஒருவர் கொளஞ்சியப்பன், ஒரு கேன்டீன் கான்ட்ராக்டில் சூப்பர்வைசர். லெட்டர், கொட்டேஷன், மாதா மாதம் டியூட்டி சார்ட், எல்லாம் என்னிடம்தான். ஒவ்வொரு தடவையும் லெட்டர்ஹெட்டில் கான்ட்ராக்டர் பெயரைக் கொஞ்சம் பெரிசாக்கச் சொல்வார். அந்தப் பிப்ரவரியில் பெயர் போக லெட்டர் எழுத நாலு வரி இடம் மிச்சமிருந்தது.

இன்னொருவர் பொற்கொடி அக்கா. அதே கேன்டீனில் காய் நறுக்குகிறவர். எம்பிராய்டரி சர்டிபிகேட் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். பாஸானால் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலைக்கு எழுதிப்போடலாம். கிராஸ் ஸ்டிச் டிசைன்களைக் கட்டம் கட்டமாக அச்சில் எடுத்து ரெக்கார்டில் ஒட்ட வேண்டும். அதற்காக ஒரு ஃபைல் செய்து வைத்திருந்தேன். ஒன்று என்று அடித்தால் மஞ்சள் கட்டம் வரும், இரண்டு சிவப்பு, மூன்று பச்சை, சைபர் வெள்ளை. மாங்காய், மயில், ரோஜா எல்லாம் முடிந்துவிட்டன. கடைசிப் பக்கத்துக்கு மட்டும் ‘சொந்த டிசைன்’ கேட்டிருந்தார்கள். அது காலியாகவே கிடந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் கிளாஸ். வடலூரில் சாயங்காலம் ஐந்தரைக்கு நடக்கும். அக்காவுக்கு எப்போதும் செகண்ட் ஷிப்ட், மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. மார்ச்சில் பாதி நாளாவது வராவிட்டால் பரீட்சைக்குப் பெயர் அனுப்ப மாட்டேன் என்று கிளாஸ் எடுக்கும் விஜயலட்சுமி மிஸ் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி கடைசியில் கொளஞ்சியப்பன் மார்ச் சார்ட்டை எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பதினாலு பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ஒன்று என்றால் ஃபர்ஸ்ட் ஷிப்ட், இரண்டு செகண்ட், மூன்று சாயங்காலம் நாலரைக்கு முடியும் ஜெனரல், சைபர் லீவு. புதிதாகக் கட்டம் போடச் சோம்பல்பட்டு அக்காவின் ஃபைலையே காப்பி எடுத்து, மாங்காயை அழித்துவிட்டு எண்களை ஒட்டினேன். கலர் கட்டளையை எடுக்க மறந்துவிட்டேன்.

பிரிண்டரிலிருந்து மார்ச் மாதம் கலர் கலராக வந்தது.

அன்று லீவு என்பதால் ரோஜாவை வாங்கிப் போக வந்திருந்த அக்கா அதைக் கையில் எடுத்தார்.

“என்னா தம்பி டிசைன் இது? மேல மஞ்சளும் பச்சையும் நல்லாதான் இருக்குது. கீழ நாலு வரியும் செவப்ப அப்பி வெச்சிக்கினு இருக்குது. இதத் தெச்சா துணி ஒரு பக்கமா சுருட்டிக்கும். யாரு போட்டது?”

“உங்க சூப்பர்வைசர்.”

அவர் விரல் கடைசி வரிக்குப் போனது. பெயரைப் படித்தார்.

“இது நானா?”

“ஆமாங்கா.”

“நல்லா செவப்பாத்தான் இருக்கேன்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இத வேற மாதிரி போட்டுப் பாக்கலாமா?”

“டிசைனையா, டூட்டியையா?”

“ரெண்டும் ஒண்ணாதான கெடக்குது. ரெண்டு மஞ்சள், ரெண்டு பச்சை, ரெண்டு செவப்பு, ஒரு வெள்ளை போடு. அடுத்த வரிய ஒரு கட்டம் தள்ளி ஆரம்பி. பார்டர்ல படி எறங்கற மாதிரி.”

போட்டேன். நாற்பதாவது வரியில் தப்பு என்றது லேடெக். பன்னிரண்டில் இருந்ததைத் திருத்தினேன். இரண்டாவது தாள் வந்தது. மூன்று நிறமும் சாய்வாக, வரிசை கலையாமல் இறங்கின.

கொளஞ்சியப்பன் வந்து முதல் தாளைத்தான் முதலில் பார்த்தார்.

“கலர்ல போட்டியா? யார் சொன்னது?”

“தப்பா வந்துருச்சிண்ணே.”

“தப்பு இருக்கட்டும், நல்லாருக்கு. அடுத்த வாரம் மேனேஜர் வராரு. போர்டுல ஒட்னா பெரிய கம்பெனி மாதிரி தெரியும்.” தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “கீழ என்னாது, சாம்பார் கொட்னாப்ல?”

“செகண்ட் ஷிப்டுண்ணே. கடைசி நாலு பேரு. போன மாசமும் இப்பிடித்தான், நம்பரா இருந்துச்சி.”

“நா எங்கப்பா போட்டேன்? எனக்கு முன்னாடி இருந்தவரு போட்டது. மாசம் பேர மட்டும் மாத்திக்கினு வரேன்.”

“பத்து வாட்டி கேட்டேன் சார்,” என்றார் அக்கா.

“பாக்கறேன்னு சொன்னன்ல?”

“இப்ப பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. “கலர எடுத்துரு தம்பி. நம்பராவே குடு.”

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

“தரேண்ணே,” என்றேன். “மேனேஜருக்கு நம்பரே போதும்னா சரி. கலர்னா இந்தத் தாள்தான் ஒட்ற மாதிரி இருக்குது.” இரண்டாவது தாளைப் பக்கத்தில் வைத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு தேதியைப் பிடித்து மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணினார். செகண்ட் ஷிப்டுக்குப் பழையபடி நாலு பேர். இன்னொரு தேதிக்கும் நாலு பேர். வேறொன்றை எண்ணிவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

“மேல் வரிக்காரங்க சண்டைக்கு வருவாங்க.”

“வரட்டும் சார். எந்த வரில செவப்பு கம்மின்னு அவங்களையே காட்டச் சொல்லுங்க.”

“ஒரு மாசம். ட்ரையல்.” என் பக்கம் திரும்பினார். “மேல கான்ட்ராக்டர் பேர இன்னுங்கொஞ்சம் பெருசாக்கு.”

ஆக்கினேன். ‘மார்ச்’ என்பது இடமில்லாமல் ஓரத்துக்குப் போனது.

மேனேஜர் வந்தாரா, சார்ட்டைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. மேல் வரிக்காரர்கள் இரண்டு பேர் போர்டு முன்னால் நின்று கட்டங்களை எண்ணிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே காய் நறுக்கப் போனார்களாம். பொற்கொடி அக்கா வாரத்தில் நாலைந்து நாள் வடலூர் பஸ்ஸைப் பிடித்தார். மிஸ் பெயரை அனுப்பிவிட்டார். பரீட்சையும் எழுதினார்.

எழுதிவிட்டு நேராகக் கடைக்கு வந்து ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். சார்ட்டைத்தான் துணியில் தைத்து ஒட்டியிருந்தார். வெள்ளைக் கட்டங்களில் நூலே இல்லை, வெறும் துணி.

“லீவு நாள்ல எதுக்கு வேல செய்யணும்?” என்றார். “பரீட்சைல டிசைனுக்குப் பேரு என்னான்னு கேட்டாங்க தம்பி. மார்ச்சுன்னேன்.”

“ஏன்னு கேக்கலியா?”

“கேட்டாங்க. அந்த மாசந்தான் நா கிளாசுக்கு வந்தேன்னேன்.”

ரிசல்ட் இன்னும் வரவில்லை. மே மாதச் சார்ட்டுக்குக் கொளஞ்சியப்பன் வந்தபோது கையில் தாள் எதுவும் இல்லை.

“அதே டிசைன்தான் தம்பி,” என்றார். “மாசம் பேர மட்டும் மாத்திடு.”