காட்டுக்கடலை வரிசை

களையை வரிசை பிடித்து நட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று விவசாய ஆபீஸர் சென்னிமலையைப் பார்த்து முகத்துக்கு நேராகவே சிரித்தவன் நான்.

எல்லையில் சண்டை நடந்த வருசம் அது. இராசிபுரத்துக்கு மேற்கே என் மேட்டுக்காட்டில் ஒரே ஒரு வரிசைக்கு இடம் கேட்டு வந்தார். கடல் தாண்டி வந்த காட்டுக்கடலையாம், யாரும் விதைக்காமல் தானாக முளைக்கிற நிலக்கடலைச் சாதி. பன்னிரண்டே விதை.

"திங்கறதுக்கும் ஆகாது, ஆட்டறதுக்கும் ஆகாது. அப்பறம் எதுக்குங்க இது?" என்றேன்.

"மழையில்லாமத் தாங்குமான்னு பாக்கோணுங்க. தாங்குச்சுன்னா நம்ம கடலையோட ஒட்டுச் சேத்து, அந்தக் குணத்தை இதுக்குக் கொண்டாரலாம்" என்றார்.

ஆடியில் ஒரு மழை பெய்தது, அதோடு சரி. புரட்டாசிக்குள் என் கடலை மொத்தமும் கருகிப்போனது. அந்த ஒரு வரிசை மட்டும் மண்ணோடு படர்ந்து பச்சைப்பசேலென்று கிடந்தது. முதலில் வயிறு எரிந்தது. அப்புறம் ஆசை பிடித்துக்கொண்டது. அந்தக் குணம் மட்டும் நம் கடலைக்கு வந்துவிட்டால் நானெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதே இல்லை!

கார்த்திகையில், காயை எடுத்து வைக்கச் சொல்லி ஆபீஸர் ஆள் அனுப்பினார். நம் கடலையைப் பிடுங்குகிற மாதிரியே தூரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். ஒரு காய்கூட இல்லை. நூல் நூலாக ஏதோ தொங்கியது, அவ்வளவுதான். அடுத்த செடியும் அப்படியே. இத்தனை நாள் ஆசை காட்டி ஏமாற்றிவிட்டதே என்று வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி வரப்பில் வீசினேன்.

செடி பிடுங்கிய பிறகு மண்ணில் தங்கிய காய் பொறுக்க வருகிறவர்களுக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காட்டுக்காரன் அதில் கை வைக்க மாட்டான். என் காட்டில் களையெடுக்கும் பொன்னாயி அன்றைக்கும் களைக்கொத்தோடு வந்து நின்றாள்.

"அந்த மலட்டு வரிசையவும் நீயே தோண்டிக்க, போ!" என்று கத்தினேன்.

சாயங்காலம் சென்னிமலை வந்தார். வரப்பில் கிடந்த செடியை எடுத்துப் பார்த்தவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குக் காம்பு நூலாட்டம் இருக்குமுங்க. இழுத்தா அறுந்து, காயெல்லாம் மண்ணுக்குள்ளயே நின்னுக்கும். தோண்டித்தான் எடுக்கோணும். என்ர தப்பு, நாஞ் சொல்லாம உட்டுட்டேன்."

ஓடினோம். வரிசை நெடுக ஒரு முழ ஆழத்துக்கு மண் புரண்டு கிடந்தது.

பொன்னாயி வீட்டில் அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து முறத்தில் பாசிமணி அளவு காய்கள், இரண்டு கை அள்ளுகிற அளவு. போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பொறுக்கிய காயை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது?

"பொன்னாயி, வெதைக்கு வெச்ச கடலையில ரெண்டு வள்ளம் அளந்து தாரேன். அதைக் குடுத்துரு."

"இத்துனூண்டு காய்க்கு ரெண்டு வள்ளமா? அப்பிடி என்ன சாமி இருக்குது இதுல?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"மழையில்லாமத் தாங்குது."

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். முறத்துக் காயைக் கையால் இரண்டாகப் பிரித்தாள்.

"இந்தப் பாதி உங்குளுக்கு. இது எனக்கிருக்கட்டுங்க. மழை பொய்ச்சா மொதல்ல அணையறது எங்கூட்டு அடுப்புத்தானுங்களே."

"இதுல இப்ப ஒண்ணும் கெடைக்காதும்மா" என்றார் சென்னிமலை. "ஒட்டுச் சேந்து நல்ல கடலை வாரதுக்குப் பத்து வருசமாவது ஆகும்."

"பத்து வருசமும் நாங்க இங்கதானுங்க இருப்போம்."

"எங்க போடுவ? உனக்கேது காடு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "நீங்க தோண்டிக்கச் சொன்ன அந்த வரிசை சும்மாத்தானுங்க கெடக்குது?" என்றாள்.

நாலு ஏக்கராவில் ஒரே ஒரு வரிசை. "வா, போட்டுக்க" என்றுதான் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.