காலி வாளி

செம்மறிக் கிடா கருப்பனைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்திருந்தாள் துளசி. கால்நடை டாக்டர் சாந்தினி அதன் கழுத்து ரோமத்தை ஒதுக்கி ரத்தம் எடுக்க ஊசியை இறக்கினாள்.

"எப்படி உருண்டிருக்கான் பாத்தீங்களா டாக்டர்!"

"என்னக்கா போட்டீங்க?"

"மரவள்ளி அவிச்சு, வெல்லம் போட்டு. முனியாண்டிக்கு நேந்த கிடாவ இப்படித்தான் ஒரே மாசத்துல தேத்துவோம். கொழுப்பு சோதிக்க வாராங்கன்னு மண்டோர் சொன்னாரு. எங்க பசங்க தோத்துடக் கூடாதுல்ல?"

சாந்தினி ஊசியை உருவினாள்.

"அய்யோ, அது இல்லக்கா. கொழுப்பு எங்க சேரும், எவ்வளவு சேரும்னு சொல்ற ஜீன் ரத்தத்துல இருக்கு. இனத்துக்கு இனம் அது வேறலா. தீனி போட்டு மாத்த முடியாது."

"பொறக்கும்போதே முடிஞ்சு போச்சா?"

"ஆமாக்கா."

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்த தோட்டம் அது. எல்லாரும் ஈப்போ நகரப் பக்கம் போய்விட, லயத்து வரிசை வீடுகளில் துளசி வீட்டில் மட்டும்தான் விளக்கெரியும். கம்பெனி ஆடுகளை மேய்ப்பதால் அவளுக்கு விட்டுவைத்த வீடு. பேச்சுத் துணைக்கும் ஆடுகள்தான். கருப்பனைத் திட்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

மழைக்காலம் முடிந்து ரத்தச் சோதனை முடிவு வந்தது. தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் மண்டோர் தேவன் மோட்டார் சைக்கிளை அணைக்காமலே சொன்னார்.

"நம்ம நாட்டு கம்போங் ஆட்டுல கம்பெனி கேக்குற ஜீன் இல்லையாம். வெளிநாட்டு ஆடு வருது. இதெல்லாம் அறுப்புக்கு."

"அப்ப நானு?"

"புது ஆட்டுக்கு அவங்களே ஆள் கொண்டாராங்க. வீட்டுல தீனி மூட்டை அடுக்கணுமாம். நீங்க ஈப்போ புந்தோங்குல இருக்குற மக வீட்டுக்குப் போலாம்லா."

போன தீபாவளிக்கே அங்கே பாய் விரிக்க இடமில்லை. அதை இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

லோரி வந்த அன்று ஒரு ஆடும் ஏறுவதற்குச் சாய்த்த பலகையில் கால் வைக்கவில்லை. டிரைவர் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். ம்ஹூம்!

"அக்கா, நீங்க கூப்பிட்டாதான் ஏறும்," என்றார் தேவன்.

துளசி காலி வாளியைத் தட்டிக்கொண்டே லோரிக்குள் ஏறினாள். "வாங்கடா... வாங்க..." கருப்பன் முதலில் ஓடிவந்தான். பின்னாலேயே மற்றவை.

டிரைவர் கருப்பனின் முதுகை அழுத்திப் பார்த்தான். "அடேயப்பா, நல்ல எடைலா! யாரு வளத்தது?"

துளசி வாளியைக் கீழே வைத்தாள். கருப்பன் வாளிக்குள் தலையை விட்டு, அடியில் ஒட்டியிருந்த வெல்லத்தை நக்கிக்கொண்டிருந்தான்.