வண்டிக்கு முன்னால்

கண்ணாடிக் கடையில் அவள் அதிகமாகச் சொல்லும் சொல் "பழகிடும்". புதுக் கண்ணாடி போட்டதும் தரை மிதக்கிறது என்பார்கள். பழகிடும். மூக்கில் அழுத்துகிறது. பழகிடும். ஓரக்கண்ணால் பார்த்தால் சுவர் வளைகிறது. தலையைத் திருப்பிப் பாருங்க, பழகிடும். பெரும்பாலும் பழகியும் விடுவதால் அவள் வார்த்தைக்குக் கடையில் நல்ல மதிப்பு இருந்தது.

வீட்டில் அவ்வளவு மதிப்பு இல்லை. வீட்டில் அவள் பெயர் "வண்டி".

போன வருஷத்து இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டத்தில் வந்த பெயர் அது. கடைசியாக ஓடுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும். குறித்த நேரத்துக்குள் முடிக்க மாட்டார்கள் என்று தெரிகிறவர்களை ஏற்றிக்கொள்வது அதன் வேலை. அவளை ஏற்றிக்கொண்டபோது, முடிவுக் கோட்டில் ஒலிபெருக்கியில் பேசுகிறவரின் குரல் காதில் விழத் தொடங்கியிருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். "அதோ, அந்தத் திருப்பம்தாங்க" என்று கெஞ்சிப் பார்த்தாள். "ரோட்டைத் திறந்து விடணும்மா" என்று டிரைவர் கதவைத் திறந்தார். உள்ளே ஒருவர் நிம்மதியாக வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். அவளுக்கும் ஒன்று கொடுத்தார்.

கோட்டருகே கேமராவோடு காத்திருந்த கணவன், வாழைப்பழமும் கையுமாக வேனிலிருந்து இறங்கிய மனைவியைத்தான் படம் எடுக்க முடிந்தது. படம் குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போனது. அன்றிலிருந்து "வண்டி கிளம்பியாச்சா?", "வண்டிக்குக் காபி வேணுமா?" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் இந்த வருஷ ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாகக் கொடுத்தாள். அந்தக் கோட்டை ஒரு தடவையாவது தன் காலாலேயே தாண்ட வேண்டும். வேறு ஆசை ஒன்றும் இல்லை.

பயிற்சிக்குத் துணை நாத்தனார். மாடி வீட்டில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் இரண்டு பேரும் ஏரிக்கரைச் சாலையில் ஓடுவார்கள். நாத்தனார் ஓடுகிற நேரம் முழுக்கப் பேசிக்கொண்டே வருவாள். அண்ணிக்கு மூச்சு வாங்குவதால் பதில் சொல்ல முடியாது. இரண்டு பேரும் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பான் கணவன்.

ஒருநாள் பின்னால் ஓடி வந்த நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, அந்த ஷூவுக்கு ரிட்டையர்மென்ட் குடுங்க. வெளிப்பக்கம் தேஞ்சு சாஞ்சு கிடக்கு. பின்னால இருந்து பாத்தா நீங்க எப்பவும் ஒரு வளைவுல திரும்பற மாதிரியே இருக்கு."

"நேராத்... தான்... போறேன்."

"நீங்க நேராத்தான் போறீங்க. ஷூ வேற ஊருக்குப் போகுது."

அன்று மாலையே ஷூ கடைக்குப் போனாள். அங்கிருந்த பெண் இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தாள். ஒன்று அவளுடைய பழசைப் போலவே குதிகால் பக்கம் தடித்தது. இன்னொன்று கண்ணாடிக் கூடு போல இலேசாக இருந்தது. போட்டு நாலு எட்டு நடந்தாள். காலில் எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது.

"நல்ல ஷூதான் மேடம்," என்றாள் கடைப்பெண். "ஆனா உங்க பழசை விடக் குதிகால் இதுல ரொம்பத் தாழ்வு. கெண்டைக்காலுக்கு வேலை கூடும். முதல்ல சின்ன ஓட்டத்துக்கு மட்டும் போடுங்க. நீள ஓட்டத்துக்குத் தடிமனானதுதான் சரி. மாத்தி மாத்திப் போட்டுக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாத் தயார் பண்ணுங்க."

அவள் தலையாட்டினாள். காதில் வாங்காமல் தலையாட்டுகிறவர்களைக் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் வருஷக்கணக்கில் பார்த்தவள். அன்றைக்கு அந்தப் பக்கம் நின்றது அவள். அச்சு அசலாக அப்படியே ஆட்டினாள். இலேசான ஜோடியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பழைய ஷூ குப்பைக் கூடைக்குப் போனது. மறுநாள் காலை குப்பை லாரி வந்து நின்றபோது கணவன் ஜன்னலருகே நின்று பெருமூச்சு விட்டான். "பாவம், அதையும் வண்டி ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு."

முதல் வாரம் அவள் ஓடவில்லை, பறந்தாள். நாத்தனாரை முந்திக்கொண்டு போய்ப் பாலத்தடியில் இடுப்பில் கை வைத்து நின்று, "என்ன, பேச்சையே காணோம்?" என்று கேட்டாள். வீட்டில் கடிகாரத்தை எல்லோருக்கும் காட்டினாள். பார்க்காதவர்களுக்கு இரண்டாம் தடவை காட்டினாள். ஷூ எவ்வளவு முக்கியம் என்று கணவனுக்கு ஒரு வகுப்பே எடுத்தாள். அவனோ, தன் அலுவலகம் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடிக்கு மாறியபோது, நல்லவேளை லிஃப்ட் இருக்கிறது என்று கடவுளுக்கு நன்றி சொன்னவன்.

இரண்டாம் வாரம் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியது. பழகிடும் என்று நினைத்தாள். மூன்றாம் வாரம் குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நரம்பு காலையில் எழுந்ததும் சுருக்கென்று இழுத்தது. கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் வாத்து நடை. அங்கே கொஞ்ச நேரம் நின்றால் மனுஷ நடை வந்துவிடும். நாத்தனார் வீட்டு மாடிப்படியில் இறங்குவதுதான் சிரமம். முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினால் அவ்வளவாக வலிக்கவில்லை என்று கண்டுபிடித்தாள்.

கண்டுபிடித்ததைக் கணவனும் கண்டுபிடித்துவிட்டான். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் ரிவர்ஸ்ல வர்றே?"

"சும்மாதான். ஒரு பயிற்சி."

"பின்னால ஆள் நிக்கறேன், ஹார்னாவது அடி."

அவள் சிரித்துச் சமாளித்தாள். அவன் சிரிக்கவில்லை. "வலிக்குதா?" என்று கேட்டான்.

"புதுசு இல்லையா? பழகிடும்."

அதே வாரம் கடைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மூன்றாம் முறையாக வந்தார். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியாக அவளிடம் வாங்கியவர். வந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, சாட்சிப் பொருளைப் போல மேஜைமேல் வைத்தார்.

"தரை மிதக்குதுன்னு முதல் தடவை சொன்னேன். பழகிடும்னீங்க. பழகிடுச்சு. ஒத்துக்கறேன்."

"பாத்தீங்களா சார்!"

"படிக்கறப்போ தலையைத் தூக்க வேண்டியிருக்குன்னு ரெண்டாம் தடவை சொன்னேன். அதுக்கும் பழகிடும்னீங்க."

"அதுவும் மெதுவா..."

"பழகலை. கழுத்து வலி வந்திருக்கு. பேப்பரை விரிச்சா மோவாய் மேல போயிடுது. கோர்ட்டுல இருந்தப்போகூட நான் இவ்வளவு திமிரா உக்காந்ததில்லைன்னு வீட்டுல சொல்றாங்க."

அளந்து பார்க்கலாம் என்று அவள் கவுண்ட்டரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நீதிபதி அவள் காலையே பார்த்தார்.

"ஏம்மா நொண்டறீங்க?"

"புது ஷூ சார். பழகிடும்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எவ்வளவு நாளா?"

"ஒரு... ரெண்டு வாரமா."

"வலி குறையுதா, கூடுதா?"

அப்படி யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர்களையும் கேட்டதில்லை. குதிகாலைத் தரையில் ஒரு தடவை ஊன்றிப் பார்த்துவிட்டு, "கூடுது சார்," என்றாள்.

"என் கழுத்தும் அப்படித்தான்," என்றார் அவர்.

அந்த வகைக் கண்ணாடியில் குறித்த ஓர் இடம் கண்மணிக்கு நேரே உட்கார வேண்டும். அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, நேராகப் பார்க்கச் சொல்லி, மை பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள். இடம் கீழே தள்ளி இருந்தது. அளவெடுத்த அன்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ வழக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை சுவாரஸ்யமாக இருந்தது. நிமிர்ந்த தலைக்கே அவள் அளவு குறித்துவிட்டாள். அந்தக் கண்ணாடியில் படிக்க வேண்டுமென்றால் அவர் ஆயுசு முழுக்க நிமிர்ந்தே இருக்க வேண்டும். இதில் பழகுவதற்கு என்ன இருக்கிறது?

"சார், இது என் தப்பு. வேற லென்ஸ் போட்டுத் தரேன்."

"நல்லது. அந்தக் கால்?"

"அதுவும் என் தப்புதான் சார்."

"ரெண்டு குற்றத்தையும் ஒரே நாள்ல ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீங்கதான்," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

மாலையில் மறுபடி ஷூ கடை. அவள் நடந்து வந்ததைப் பார்த்ததுமே கடைப்பெண் தடித்த ஜோடியை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க," என்றாள் இவள். "நான் தலையாட்டினேன்."

"எல்லாரும் ஆட்டுவாங்க மேடம்," என்றாள் கடைப்பெண், அலுப்பில்லாமல். இவளுக்கு அவள் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது.

ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டமே இல்லை. நாத்தனார் தனியாக ஓடிவிட்டு வந்து, கேட்க ஆளில்லாமல் பேச்செல்லாம் மீந்துவிட்டது என்று வாசலில் நின்று கொட்டிவிட்டுப் போவாள். பிறகு தடித்த ஷூவில் மெதுவாகத் தொடங்கினாள். இலேசானதைச் சின்ன ஓட்டத்துக்கு மட்டும், அதுவும் எப்போதாவது, மாட்டினாள். கால் தேறியது. வேகம் தேறவில்லை. கடிகாரத்தை யாருக்கும் காட்டவில்லை.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் நாத்தனார் மனக்கணக்குப் போட்டாள். "இதே வேகத்துல போனா, வேனுக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு காபி குடிக்கற நேரம் இருக்கும் அண்ணி."

"ஆறின காபியா?"

"இல்லை. நாக்கைச் சுட்டுக்கிட்டு அவசரமாக் குடிக்கற காபி."

ஓட்டத்தன்று காலை இரண்டு ஜோடியும் கதவோரம் இருந்தன. அவள் குனிந்து இலேசானதைக் கையில் எடுத்தாள். பறந்த வாரம் ஞாபகத்துக்கு வந்தது. இதைப் போட்டால் வேன் கண்ணிலேயே படாது. முதல் பாதி வரைக்கும். அதற்கப்புறம் அந்த நரம்பு என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். கீழே வைத்துவிட்டுத் தடித்ததை மாட்டிக்கொண்டாள்.

"அந்தப் பறக்கற ஷூ?" என்றாள் நாத்தனார்.

"அது இன்னும் இவ்வளவு தூரத்துக்கு வரலை."

தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நாத்தனார் முன்னால் போய்விட்டாள். இவள் தன் பாட்டுக்கு ஓடினாள். தொழிற்சாலைச் சுவர், பெட்ரோல் பங்க், மேம்பாலம். மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது கெண்டைக்கால் இழுத்தது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, அடுத்த விளக்குக் கம்பம் வரை அதையே கவனித்துக்கொண்டு போனாள். கூடவில்லை. அதற்கடுத்த கம்பம் வரை போனாள். அப்போதும் கூடவில்லை. தொடையும் வலித்தது, இடுப்பும் வலித்தது, எல்லாமே சமமாக வலித்தன. சரி, இது வெறும் களைப்பு. இதற்கெல்லாம் நிற்கக் கூடாது.

கடைசிப் பகுதியில் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். வேன்தான். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"முடியுதாம்மா?"

"முடியுது!"

"நேரம் இருக்கு. ஆனா பேசறதுக்கு இல்லை, ஓடுங்க!"

ஒலிபெருக்கிக் குரல் கேட்டது. அந்தத் திருப்பம் வந்தது. திருப்பத்துக்கு அப்பால் சாலை எப்படி இருக்கும் என்று அவள் ஒரு வருஷமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். சாலை மாதிரிதான் இருந்தது. கோட்டைத் தாண்டினாள். சரியாக அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கிக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. ஒரு தன்னார்வலர் பதக்கத்தைக் கழுத்தில் போட்டார். நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். முதல் முறையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை.

அண்ணிதான் கேட்டாள். "உன் அண்ணன் எங்கே?"

கோட்டருகே அவனைக் காணோம். தேடினார்கள். அவன் தள்ளி, வேன் வந்து நிற்கும் இடத்தில் நின்றிருந்தான்.

"பாரு, போட்டோ எடுக்கக் காத்துக்கிட்டிருக்காரு," என்றாள் அவள். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "கேமரா இல்லை அண்ணி. உங்க செருப்பு. வீட்டுல போடறீங்களே, மெத்து மெத்துன்னு, அது."

வேன் வந்து நின்றது. இறங்கிய ஒவ்வொருவர் முகத்தையும் அவன் குனிந்து குனிந்து பார்த்தான். எல்லோரும் இறங்கியதும் உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். பிறகு டிரைவரிடம் போனான்.

"இன்னொருத்தங்க இருப்பாங்களே. காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடப்பாங்க."

"அவ்வளவுதாங்க. பின்னால யாருமே இல்லை."

அவன் முகம் வெளுத்தது.

"கூப்பிடட்டுமா?" என்றாள் நாத்தனார்.

"இரு. ஒரு வருஷமா வண்டி, வண்டின்னு கூப்பிட்டாரு. கொஞ்சம் தேடட்டும்."

அவன் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தான். செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிறகு, பஸ்ஸைப் பிடிக்கக்கூட வேகமாக நடக்காதவன், வேன் வந்த திசையிலேயே ஓடத் தொடங்கினான்.

"அண்ணி, அண்ணன் ஓடறான்!"

"ஓடட்டும். இருபத்தோரு கிலோமீட்டர் முடிக்கறதுக்குள்ள கூப்பிட்டுக்கலாம்."

சொன்னாளே தவிர, அதற்குள் நாத்தனாரின் தோளைப் பிடித்து எழுந்துவிட்டாள். தொடை இரண்டும் மரக்கட்டையாக இருந்தன. அப்படியே அவன் பின்னால் ஓடினாள்.

"ஏங்க! இந்தப் பக்கம்!"

அவன் நின்று திரும்பினான். முதலில் அவள் காலைப் பார்த்தான், அப்புறம் கழுத்தில் கிடந்த பதக்கத்தை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மூச்சு வாங்கியதில் ஒரு சொல்லும் வரவில்லை. செருப்பை மட்டும் நீட்டினான்.