சலேஹாவைக் கேட்கப் போன நாள்

மேடானுக்குக் கப்பல் ஏற இன்னும் நான்கு நாள் இருந்தது. தீவில், சூலியா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளி தன் மேடான் கடைக்குக் கமாலை அனுப்பினார். பதினோரு வருடம் தன்னிடம் கார் ஓட்டியவன் என்பதால், அவனும் அவன் மனைவி ஹமீதாவும் வேண்டியவர்களிடம் பயணம் சொல்லிவிட்டு வர ஒரு நாளைக்குத் தன் காரையே கொடுத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருடம் அது. காலைப் பெர்ரிப் படகில் காரை ஏற்றிவிட்டு இருவரும் கம்பியோரம் நின்றார்கள். பாதிக் கடலில் ஹமீதா சொன்னாள்:

"இன்னைக்கு அக்காகிட்ட புள்ளையக் கேக்கப் போறேன்."

கமால் திரும்பிப் பார்த்தான். "அஞ்சு வருஷம் கழிச்சா?" என்றான்.

"அஞ்சு வருஷமும் கேக்கணும்னுதான் இருந்தேன்."

மகள் சலேஹா பிறந்த நான்காம் மாதம் ஹமீதா காய்ச்சலில் விழுந்தாள். பாலும் நின்றுபோனது. பிழைக்க மாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கெப்பாலா பத்தாஸிலிருந்து அவள் அக்கா நூர் பீவி வந்து குழந்தையை எடுத்துப் போனாள். ஹமீதா எழுந்து நடமாட ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குள் குழந்தை நூர் பீவியை உம்மா என்றும், பெற்றவளைச் சித்தி முறையில் சாச்சி என்றும் கூப்பிடப் பழகிவிட்டது. நூர் பீவிக்குப் பிள்ளை கிடையாது. ஹமீதாவுக்கும் அதற்குப் பிறகு தரிக்கவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் கேட்டுவிடுவது என்று போவாள், கேட்காமல் திரும்பி வருவாள்.

இப்போது கேட்டால் அக்கா செத்துப்போவாள் என்றான் கமால். கேட்காமல் கப்பல் ஏறினால் தான் செத்துப்போவேன் என்றாள் ஹமீதா. எதிர்க்கரையில், பட்டவெர்த்தில் காரை இறக்கினார்கள்.

முதலில் தாசேக் கெலுகோர் போனார்கள். கமாலோடு ஒன்றாக வண்டி ஓட்டக் கற்ற பக்கிரிசாமி அங்கே ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி நல்லம்மாள் ஹமீதாவை அதற்கு முன் பார்த்ததில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லிப் பழகியிருந்த ஹமீதா, அன்று, "ஒண்ணு. பொண்ணு. எங்க அக்கா வீட்டுல இருக்கா" என்றாள். நல்லம்மாள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உள்ளே போய், பிள்ளைக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள்.

கெப்பாலா பத்தாஸில் நூர் பீவியின் கணவர் காஜா மொய்தீன் மளிகைக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. கார் நின்றதும் சலேஹா ஓடி வந்தாள். வந்தவர்களை விட்டுவிட்டுக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

சாப்பாடு முடிந்தது. கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த ஹமீதாவிடம் நூர் பீவி வந்து நின்றாள்.

"நீ கேக்க வந்தது எனக்குத் தெரியும். மேடானுக்குப் போறீங்கன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே தெரியும். ஒவ்வொரு பெருநாளும் நீ வாயத் தொறக்குறப்பல்லாம் பயந்துக்கிட்டே இருந்தேன்." சலேஹாவின் துணிகளை மடித்து வைத்த பிரம்புப் பெட்டியைக் கொண்டுவந்து தங்கையின் கையில் கொடுத்தாள். "மாட்டேன்னு சொல்ல எனக்கு ஏது பாத்தியதை? கூட்டிட்டுப் போ. இப்பவே போ. நாளைக்குன்னா எனக்கு மனசு வராது."

காஜா மொய்தீன் வாங்க ஆளில்லாமலே சீனியை நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

காரில் ஒரு சுற்று என்றுதான் குழந்தையிடம் சொன்னார்கள். அவள் துள்ளி ஏறினாள். வழியில் மூன்று வாழைப்பழம் தின்றாள். ஆளில்லாத ரோட்டில் கமால் அவளை மடியில் வைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்க விட்டான். எருமை குறுக்கே வந்தபோது அவள், "அண்ணே, ஒத்திப் போலா!" என்று அதை ஒதுங்கிப் போகச் சொன்னாள். கமால் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து ஹமீதா வெகுகாலமாகப் பார்த்ததில்லை.

பட்டவெர்த் துறையில் நான்கு வண்டிகளுக்குப் பின்னால் நின்றார்கள். சலேஹா கடலைப் பார்த்தாள்.

"போதும் சாச்சி. வீட்டுக்குப் போவோம்."

இன்றைக்கு எங்கள் வீட்டில் இரு என்றாள் ஹமீதா. உம்மா வரவில்லையே என்றாள் குழந்தை. கத்தி அழவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "உம்மா ஏன் அழுதுச்சு?"

"எப்ப?"

"நேத்து. என் சட்டையெல்லாம் மடிச்சுச்சுல்ல, அப்ப."

ஹமீதா பிரம்புப் பெட்டியைப் பார்த்தாள். முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்தன.

"திருப்புங்க" என்றாள்.

காலையில் வேண்டாம் என்றவன் இப்போது அசையவில்லை. "ரெண்டு நாள் அழும் ஹமீதா. அப்புறம் பழகிடும்லா. நம்ம புள்ளை."

"இவ ரெண்டு நாள் அழுவா. அக்கா? திருப்புங்க."

பின்னால் வண்டிக்காரர்கள் சத்தம் போடும்வரை கமால் அப்படியே இருந்தான். பிறகு திருப்பினான்.

மாலை அசர் தொழுகை தாண்டிப் போய்ச் சேர்ந்தார்கள். தூங்கிவிட்ட குழந்தையைக் கமால் தோளில் சுமந்து வந்தான். அடுப்பு மூட்டாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்த நூர் பீவிக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஏன் கொண்டாந்தே? இன்னொரு தடவை என்னால குடுக்க முடியாது."

"குடுக்க வேணாம்" என்றாள் ஹமீதா. "நான் யாருன்னு மட்டும் அவகிட்ட சொல்லு. வேற யாரும் சொல்ல வேணாம். நீயே சொல்லு."

நூர் பீவி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை எழுவதற்குள் போய்விட வேண்டும் என்று கமால் அவசரப்பட்டான். பெர்ரியில் அவன்தான் அழுதான். ஹமீதா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கப்பல் ஏறும் நாளில் அக்கா வீட்டார் மூன்று பேரும் துறைமுகத்துக்கு வந்தார்கள். பெற்றவள் யார் என்று நூர் பீவி குழந்தையிடம் சொல்லியிருந்தாள். சலேஹா பக்கத்திலேயே வரவில்லை. நூர் பீவியின் முந்தானைக்குப் பின்னாலிருந்து ஹமீதாவை வெறித்துப் பார்த்தாள், கூப்பிட்டும் வரவில்லை. அந்தப் பார்வையை மேடானில் பல நாள் ஹமீதாவால் மறக்க முடியவில்லை.

மறு வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அக்கா வீட்டார் மேடானின் துறைமுகமான பெலாவானில் வந்து இறங்கினார்கள். காஜா மொய்தீன் சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தார். நூர் பீவி முகம் வெளிறிப்போய் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்துக்குள் புகுந்து சலேஹா நேராக ஹமீதாவிடம் வந்தாள். ஒரு பிடி உயர்ந்திருந்தாள்.

"உம்மாவுக்கு வழியெல்லாம் வாந்தி" என்றாள். "எங்க தண்ணி கெடைக்கும்? வா, எடுத்துட்டு வருவோம்."

ஹமீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் தேடி நடந்தாள்.